வெள்ளிமுதுகுத் தாய்

மிகானோவைப் பெண் என்று எழுதியவன் நான்தான். யாரும் தூண்டவில்லை. குடித்திருக்கவும் இல்லை. காலை ஒன்பதரை மணிக்கு, தெளிந்த புத்தியோடு, பால் என்ற கட்டத்தில் எழுதினேன். மிகானோ நூற்றெண்பது கிலோ இருப்பான். முதுகு முழுவதும் வெள்ளி. அவன் மார்பில் அறைந்துகொண்டால் எதிர்க் குன்றில் உருளைக்கிழங்கு தோண்டுகிறவர்கள் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார்கள்.

என் வேலை கூடு எண்ணுவது. கொரில்லாக்கள் தினமும் புதுக் கூடு கட்டித்தான் தூங்கும். கிளைகளையும் செடிகளையும் வளைத்து வட்டமாக அமுக்கும். அதில் படுக்கும். அதிலேயே கழித்துவிட்டு, காலையில் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். நானும் துகுமேயும் முந்தைய நாள் விட்ட இடத்திலிருந்து தடம் பிடித்துப் போய் அந்தக் கூடுகளைக் கண்டுபிடிப்போம். ஒவ்வொன்றிலும் கிடக்கும் விட்டையை அளப்போம். பெரிய விட்டை, கூடவே வெள்ளை மயிர் என்றால் தலைவன்; வளர்ந்த ஆணுக்குத்தான் முதுகு வெளுக்கும். நடுத்தர விட்டைக்குப் பக்கத்தில் சின்ன விட்டை கிடந்தால் தாயும் குட்டியும். மிகானோ தலைவனாக இருக்கும் முகோமா குழுவின் பதினொரு பேரும் நேற்றிரவு உயிரோடு இருந்தார்கள் என்பது இப்படித்தான் நிரூபணமாகும். பிறகு அதைப் படிவத்தில் எழுதி இயக்குநரகத்துக்கு அனுப்புவோம்.

துகுமே என்னைவிட இரண்டு வயது மூத்தவன். உயிரியல் பட்டம் எனக்கு, மூக்கு அவனுக்கு.

இயக்குநரகத்தின் முழுப் பெயர் கொரில்லாக் குடும்பத் தலைமை மற்றும் இளவுயிர்க் கல்வி இயக்குநரகம். கபாலே நகரத்தில் மூன்று மாடிக் கட்டடம். அங்கே வேலை பார்க்கும் நாற்பத்திரண்டு பேரில் கொரில்லாவை நேரில் பார்த்தவர்கள் ஆறு பேர். மற்றவர்கள் சுவரில் பார்த்திருக்கிறார்கள். வரவேற்பறைச் சுவரில் மிகானோவின் முதுகு ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறது. அதன் கீழே ‘தலைமை என்பது முதுகிலேயே தெரியும்’ என்று பொன்னிற எழுத்தில் இருக்கும்.

ஏப்ரல் மழையில் புசிங்யே இறந்தாள். மிகானோவின் குழுவில் இருந்த பெண் கொரில்லா. இரண்டு நாள் இருமினாள், மூன்றாம் நாள் கூட்டிலிருந்து எழவில்லை. அவளுடைய மகள் கிமூரிக்கு மூன்றரை வயது. அம்மாவின் கையைத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். கை நழுவி விழுந்தது. மறுபடி தூக்கி வைத்தாள். கூட்டம் சாயங்காலம் வரை நகரவில்லை. பிறகு மிகானோ எழுந்தான். கிளம்புகிறான் என்று நினைத்தோம். அவன் கிமூரிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ரொம்ப நேரம் கழித்து அவள் அவன் முதுகில் ஏறினாள்.

மறுநாள் எட்டுக் கூடுகள். மிகானோவின் கூட்டில் பெரிய விட்டை, வெள்ளை மயிர், அவற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன விட்டை. துகுமே குச்சியால் அதைத் தொட்டுப் பார்த்தான். பார்த்ததை அப்படியே படிவத்தில் எழுதினேன். அதுதான் நான் செய்த தவறு.

இரண்டு நாளில் கெமிகிஷா அம்மையார் கூப்பிட்டனுப்பினார். எங்கள் மலைக்குப் பொறுப்பான அதிகாரி. கெட்டவர் இல்லை. கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் அறிக்கை முழுவதும் சிவப்பாக இருந்தது. குட்டியின் விட்டை கிடக்கும் கூட்டுக்குச் சொந்தக்காரர் தாயாக மட்டுமே இருக்க முடியும் என்று கணினிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மிகானோ ஆண் என்று நான் எழுதியிருந்தேன். அதனால் கிமூரியைக் காப்பாளர் அற்ற குட்டி என்று கணினி தீர்மானித்துவிட்டது.

விதி பத்தொன்பதை அவர் படித்துக் காட்டினார். நான்கு வயது நிரம்பாத, தாய் இல்லாத, சொந்தக் கூடும் இல்லாத குட்டியை வலை போட்டுப் பிடித்து, தலைநகர்ப் பக்கம் ஏரிக்கரையில் உள்ள இளவுயிர்க் கல்வி மையத்தில் சேர்க்க வேண்டும். அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஊஞ்சல் இருக்கிறது, சுவரெல்லாம் காட்டின் படம் வரைந்திருக்கிறது என்றார்.

இதற்கு முன் இரண்டு குட்டிகளை அப்படிக் கொண்டுபோனார்கள். முதல் குட்டி பதினொரு நாள் இருந்தது. இரண்டாவது பத்தொன்பது நாள். இரண்டும் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே செத்தன. இயக்குநரகத்தின் ஆண்டறிக்கையில் அவை ‘படிப்பை இடையில் நிறுத்தியவை’ என்ற தலைப்பின் கீழ் வருகின்றன.

“அப்பன் பாத்துக்கறான் அம்மா,” என்றேன்.

“அப்பன்னு கட்டமே இல்லையே அரிஹோ.”

“குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குமே?”

“எல்லாரும் அதுல எழுத ஆரம்பிச்சுட்டாங்கன்னு போன வருஷமே எடுத்துட்டாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆம்பள கொரில்லா பச்சப்புள்ளைக்கு என்னத்தக் கத்துக்குடுக்கும் சொல்லு. நெஞ்சுல அடிச்சுக்கறதா?”

சிரித்தார். பாதியில் என் மனைவியின் நினைவு வந்து நிறுத்திக்கொண்டு தேநீர் கொண்டுவரச் சொன்னார். ஒரிஷாபா இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. என் எதிரில் சிரிப்பைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். தேநீரைக் குடித்தேன்.

எனக்கு நான்கு வயதில் மகள் இருக்கிறாள், ஐனே. பகலில் துகுமேயின் மனைவி பார்த்துக்கொள்வாள். மாதத்துக்கு ஒரு முறை என் அக்கா வருவாள். பெண் குழந்தை பெண்கள் இருக்கிற வீட்டில்தான் வளர வேண்டும் என்பாள். ஐனேவின் துணிகளை மடித்து ஒரு பையில் அடுக்குவாள். அக்கா குளிக்கப் போகும்போது நான் அவற்றை எடுத்துக் கொடியில் போடுவேன். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

துகுமே ஒரு வழி சொன்னான். சொந்தக் கூடு இருந்தால் விடுவார்களாமே, நாமே ஒன்று கட்டிப் படம் எடுத்து அனுப்பிவிடலாம் என்றான். ஒரு மணி நேரம் கட்டினோம். கோழியை அடை வைக்கிற கூடை மாதிரி வந்தது.

“நாம ரெண்டு பேரும் கொரில்லாவாப் பொறந்திருந்தா மொத மழையிலயே செத்திருப்போம்,” என்றான் துகுமே.

மறுநாள் ஒன்பதரை மணிக்கு மிகானோவைப் பெண் என்று எழுதினேன். கணினியில் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு கேள்வியும் வரவில்லை. ஒரு வாரத்தில் இயக்குநர் டாக்டர் பகருகாயோ கையெழுத்திட்ட வாழ்த்துக் கடிதம் வந்தது. முகோமா குழுவின் தாய் திருமதி மிகானோ தமது கடமையில் சிறக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். சான்றாகப் படம் ஒன்றும் இணைத்திருந்தார்கள். வரவேற்பறைச் சுவரில் இருக்கிற அதே முதுகு.

அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். கணினி யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மே மாதக் கடைசியில், முகோமா குழுவில் வயது வந்த ஆண் தலைவர் இல்லை என்பதைக் கண்டுபிடித்தது. பதவி காலி. குழுவில் இருக்கும் இன்னொரு ஆண் கஷோசி மட்டும்தான். பதினொரு வயது. முதுகு இன்னும் கறுப்பு. அவனைப் பொறுப்புத் தலைவராக நியமித்து ஆணை வந்தது. ‘பொறுப்புத் தலைவர் இன்று பிறப்பித்த ஆணைகள்’ என்று எங்களுக்குப் புதிய படிவமும் வந்தது.

முதல் நாள் கஷோசி ஆணை எதுவும் பிறப்பிக்கவில்லை. இரண்டாம் நாள் மரத்திலிருந்து விழுந்தான். மூன்றாம் நாள் ஒரு மக்கிய கட்டையைப் புரட்டி எறும்பு தின்றான். நான் ‘பொதுப்பணி’ என்று எழுதினேன். மேலிடத்துக்கு ரொம்பத் திருப்தி. பொறுப்பேற்ற மூன்றே நாளில் பணி தொடங்கிய தலைவர் என்று செய்திமடலில் போட்டார்கள்.

கொரில்லாக் கூட்டம் கிளம்புவது எப்படி என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் அதைப் பற்றித்தான் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். மதியம் எல்லாம் படுத்திருக்கும். பசித்த ஒருத்தி மெல்ல முனகுவாள். எங்கிருந்தோ இன்னொருத்தி பதிலுக்கு முனகுவாள். முனகல் ஒன்று இரண்டாகி ஏழு எட்டாகும். போதுமான அளவு சேர்ந்ததும் மிகானோ எழுவான். எல்லோரும் எழுவார்கள். அவன் செய்வது கேட்டுக்கொண்டு இருப்பதுதான். இதை ஒரு தாளில் எழுதிப் படிவத்தோடு இணைத்து அனுப்பினேன். பதில் வந்தது: ‘முனகல்களைத் தலைமைச் செயலாகக் கருத இயலாது. தாங்கள் குறிப்பிட்ட முனகல்கள் புகார்ப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளன.’

அடுத்தது தாய்மைப் பிரிவின் முறை. திருமதி மிகானோவின் சிறுநீரை இலையிலிருந்து உறிஞ்சி எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம். கருத்தரிக்கவில்லை, கவலை வேண்டாம், இன்னும் வயது இருக்கிறது என்று ஆறுதல் கடிதம் வந்தது. துகுமே அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மனது சரியில்லாத நாட்களில் எடுத்துப் படிப்பான்.

ஜூனில் கல்விப் பிரிவு விழித்தது. தாய் குட்டிக்கு நாள் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்பது பாடத்திட்டம். அதை அளக்கக் கெமிகிஷா அம்மையாரே காட்டுக்கு வந்தார். காலணி யாருடையதோ, இரண்டு அளவு பெரியது. கையில் ஓட்டப்பந்தயத்துக்கு வைத்திருக்கும் கடிகாரம். ஏழு மீட்டர் தள்ளி ஈரத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதற்காக அவரை மதிக்கிறேன்.

மிகானோ முள்செடியைத் தின்றுகொண்டிருந்தான். தண்டை ஒடிப்பான், பல்லால் தோலை இழுப்பான், உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியை மெல்லுவான். கிமூரி அவன் பாதத்தின்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் விழுந்த துணுக்குகளைப் பொறுக்கி வாயில் போட்டாள். அவன் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். தானும் ஒரு தண்டை எடுத்து முள்ளோடு கடித்தாள். கையை உதறினாள். அவன் அடுத்ததை உரிப்பதைப் பார்த்தாள். தண்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

“பாடம் எப்ப ஆரம்பிக்கும்?” என்று அம்மையார் என் காதில் கேட்டார்.

“நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.”

“அது இவ பக்கம் திரும்பக்கூட இல்லையே. ஒண்ணும் சொல்லிக்குடுக்கலையே.”

“சொல்லிக்குடுக்காது அம்மா. பக்கத்துல உக்காந்தாத் தள்ளிவிடாது. அவ்வளவுதான்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அது ஓடவே இல்லை. கற்பித்த நேரம் பூஜ்யம் என்று எழுதினார். எழுதிய பிறகும் கொஞ்ச நேரம் கிமூரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் எழுதியதை அடிக்கவில்லை.

பத்து நாளில் மிகானோவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சம்பந்தப்பட்டவர் முன்னிலையில், ஆங்கிலத்திலும் எங்கள் ருகிகாவிலும், உரத்த குரலில் வாசிக்க வேண்டும். வாசித்தேன். ‘தாய்மைக் கடமையில் தாங்கள் காட்டும் அலட்சியம் இயக்குநரகத்தைப் பெரிதும் வருத்துகிறது’ என்ற இடம் வரை அவன் அமைதியாகக் கேட்டான். அந்த இடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நீளமாகக் காற்று விட்டான். கடிதத்தின் அடியில், பெற்றுக்கொண்டவரின் பதில் என்று ஒரு கோடு இருந்தது. ‘பதில் உடனே கிடைத்தது. வாய்வழி அல்ல’ என்று எழுதி அனுப்பினேன். அதற்கும் முத்திரை குத்தினார்கள்.

ஜூலையில் கஷோசிக்குப் பதவியேற்பு விழா வைத்தார்கள். காட்டின் விளிம்பில் கூடாரம். ஆட்டு இறைச்சி, மசித்த வாழைக்காய், சோடாப் பெட்டிகள். கம்பாலாவிலிருந்து அமைச்சகத்து அம்மையார் ஒருவரும் வேறு விருந்தினர்களும் வந்திருந்தார்கள். எங்களையும் சீருடையோடு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். டாக்டர் பகருகாயோ ஏழு வருடமாகப் பொறுப்பு இயக்குநர். நிரந்தரமாக்கும் கோப்பு அமைச்சகத்தில் இருக்கிறது. அன்று அவர் அமைச்சகத்து அம்மையாரைப் பார்த்தே பேசினார்.

“தலைவன்னா யாரு? முன்னாடி போறவன். பின்னாடி யாராவது வர்றாங்களான்னு நான் இந்த ஏழு வருஷத்துல ஒரு தடவையாவது திரும்பிப் பாத்திருக்கேனா? பாத்ததில்ல. பாத்தா சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா அவன் தலைவன் இல்ல. காட்டுல இருக்கற கொரில்லா நம்மகிட்டேர்ந்து கத்துக்க வேண்டியது நிறைய இருக்கு. அதுங்களுக்கு மொறையான நியமனம் கெடையாது, கோப்பு கெடையாது. யார் பலசாலியோ, யாரைப் பிடிக்குதோ அவன் பின்னாடி போயிடுதுங்க. நம்ம நாட்டுல அப்படிப் போக முடியுமா? நான் அந்த ஒழுங்கத்தான் காட்டுக்குக் கொண்டுபோறேன். என்னைப் பிடிக்குதான்னு இன்னிக்கு வரைக்கும் நான் யாரையும் கேட்டதில்ல.”

கைதட்டினார்கள். கெமிகிஷா அம்மையார் கடைசியாகத் தட்டத் தொடங்கி முதலில் நிறுத்தினார்.

பிறகு எட்டுப் பேராகக் காட்டுக்குள் போனோம். ஒன்றரை மணி நேர ஏற்றம். கூட்டம் ஒரு சரிவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இயக்குநர் மூச்சு வாங்கி முடித்துவிட்டு நியமனப் பட்டயத்தை விரித்தார். கஷோசியைக் காட்டச் சொன்னார். மரத்தின் மேலே காட்டினேன். அவர் மேலே பார்த்து வாசித்தார். இரண்டாம் பத்தியில் பழக்கொட்டை ஒன்று பட்டயத்தின் மேல் விழுந்தது.

அப்போது மிகானோ புதரிலிருந்து வெளியே வந்தான். கிமூரி அவன் முதுகில் குப்புறப் படுத்திருந்தாள். வெயிலில் அந்த முதுகு தகடு மாதிரி மின்னியது.

“இதுதானே தாய்?” என்றார் அமைச்சகத்து அம்மையார். “தாய்க்கு எப்படி முதுகு வெள்ளையா இருக்கு?”

இயக்குநர் திகைத்தது ஒரு நொடிதான். “புள்ளைய வளர்க்கற கவலை மேடம். நரைச்சுப் போச்சு.”

மிகானோவுக்குப் புது ஆட்களைப் பிடிக்கவில்லை. எழுந்து நின்று மார்பில் அறைந்தான். நாங்கள் எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தோம். அதுதான் முறை, வழியிலேயே எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். தலைவன் தலை குனியக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, இயக்குநர் நிமிர்ந்தே நின்றார். மிகானோ செடிகளை முறித்துக்கொண்டு பாய்ந்து வந்து, அவருக்கு மூன்று மீட்டர் முன்னால் நின்றான். தொடவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்தான். இயக்குநரும் உட்கார்ந்துவிட்டார், சேற்றில்.

அவர் என்னை அருகில் கூப்பிட்டார். குரல் கிசுகிசுப்பாக வரவேண்டும் என்று முயன்றார், வரவில்லை. எல்லோருக்கும் கேட்டது. “இது ஆணா, பொண்ணா?”

பெண் என்று சொன்னால் அந்தப் பொய்யில் அவருக்கும் பங்கு இருக்கும், விஷயம் அங்கேயே அமுங்கும். ஆண் என்று சொன்னால் கிமூரிக்குத் தாய் இல்லை. பெண் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கிமூரி அவன் முதுகிலிருந்து இறங்கி மடிக்குள் புகுந்துகொண்டிருந்தாள். அவன் ஒரு கையை அவள்மேல் போட்டிருந்தான், யோசிக்காமல் போட்ட கை. அதைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வரவில்லை.

“ஆண் ஐயா. அந்தக் குட்டிக்கு அவன்தான் தாய். ரெண்டும் உண்மை. ரெண்டையும் எழுத உங்க படிவத்துல எடமில்ல. அதனால ஒண்ண எழுதினேன்.”

“படிவத்துல எடம் இல்லாதது காட்டுல இருக்க முடியாது,” என்றார் இயக்குநர்.

“இருக்கு. உங்க முன்னாடி உக்காந்திருக்கு.”

அவர் விருந்தினர் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொன்னார். “பாவம். பொண்டாட்டி செத்ததுலேர்ந்து இவனுக்கு ஆம்பளை பொம்பளை வித்தியாசம் தெரியல.”

துகுமே அரிவாளை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினான்.

“அவ பேர் ஒரிஷாபா,” என்றேன். “அதுக்கும் உங்க படிவத்துல எடமில்ல.”

என்னை அங்கேயே வேலையிலிருந்து எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. எடுத்தால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் திருமதி மிகானோவுக்குப் போன வாழ்த்துக் கடிதமும் கையெழுத்தும் வெளியே வரும். அதனால் மிகானோவின் பாலைத் தீர்மானிக்க மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தார். மூன்று மாத அவகாசம். அதுவரை மிகானோவின் பால் ‘பரிசீலனையில்’. பரிசீலனையில் இருப்பவர் தாயாக இருக்க முடியாது. ஆகவே கிமூரியைப் பிடிக்கத் திங்கட்கிழமையே ஆட்கள் வந்துவிட்டார்கள்.

நான்கு பேர். ஒரு மயக்க ஊசித் துப்பாக்கி, ஒரு வலை, ஒரு கூண்டு. குட்டி போகும் வழியிலேயே படிக்கத் தொடங்கட்டும் என்று கூண்டின் கம்பிகளில் ஆங்கில எழுத்துகளை வரைந்திருந்தார்கள்.

அவர்களிடம் எல்லாம் இருந்தது. கொரில்லா எங்கே என்பது மட்டும் தெரியாது. அது நேற்றைய கூடு தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நாள் தடம் விட்டுப்போனால் மறுநாள் தேட வேண்டிய இடம் இரண்டு மடங்கு. ஒரு வாரம் விட்டுப்போனால் காடு முழுவதும்.

முதல் நாள் அவர்களைத் தெற்கு முகட்டுக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்து எரிமலைகள் நன்றாகத் தெரியும். மாலையில் படிவத்தில் ‘கூடு கிடைக்கவில்லை’ என்று எழுதினேன். இரண்டாம் நாள் சதுப்பு. கூடு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடி தெற்கு முகடு, வேறு வழியாக. உண்மையில் தினமும் விடியும் முன்பே நானோ துகுமேயோ கிளம்பிப் போய், கூட்டம் எழுந்து நகர்ந்ததும் கூடுகளை எண்ணிவிட்டு வந்துவிடுவோம். பத்துப் பேரும் இருந்தார்கள். சின்ன விட்டை மிகானோவின் கூட்டில்தான் இருந்தது.

யாரிடமும் எதுவும் பேசி வைக்கவில்லை. ஆனால் வலையோடு வந்தவர்கள் பக்கத்துக் குழுக்களின் தடம் பார்க்கிறவர்களைக் கேட்டபோதும், முகோமா குழு அந்தப் பக்கம் வரவே இல்லை என்று ஆறு பேரும் சொன்னார்கள். அவர்களில் ஒருவன் முந்தின நாள்தான் மிகானோவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றிருந்தான்.

ஒன்பதாம் நாள் வலைக்காரர்களின் தலைவர் காட்டுக் காஞ்சொறியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து கத்தினார். “ஒரு நாள் தவறாம கண்டுபிடிப்பீங்கன்னு சொன்னாங்களேய்யா.”

“கண்டுபிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம் ஐயா,” என்றான் துகுமே, ரொம்ப மரியாதையாக. “தலைவர மாத்தினதுலேர்ந்து அதுங்க எங்க போறதுன்னு தெரியாமத் திரியுதுங்க போல. புதுத் தலைவர்கிட்ட நீங்களே பேசிப் பாருங்களேன்.”

இயக்குநரகத்திலிருந்து மூன்று விளக்கக் கடிதங்கள் கேட்டார்கள். மூன்றிலும் கூடு கிடைக்கவில்லை என்று எழுதினேன். நான்காவது முறை கேட்டபோது பணிநீக்கம் என்ற சொல் வந்தது. அதற்கும் அதையே எழுதினேன்.

அந்த நாட்களில் அக்கா வந்தாள். வழக்கம்போல் ஐனேவின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். இந்த முறை அவள் எதிரிலேயே எடுத்து வெளியே வைத்தேன்.

“ஐனே இங்கதான் இருப்பா அக்கா.”

“தாயில்லாத புள்ளைடா. யாரு வளர்ப்பா?”

“நான்.”

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நீயா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பையை உதறி மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

இருபத்து மூன்றாம் நாள் வலைக்காரர்கள் முகாமில் கால் வீங்கிப் படுத்திருந்தார்கள். நானும் துகுமேயும் வெளிச்சம் வருமுன் கிளம்பிக் கூட்டத்தின் இடத்துக்குப் போனோம். கூட்டம் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. கூடுகளை எண்ணினேன். ஒன்பது. தினமும் எட்டுதான் இருக்கும். மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான்.

மிகானோவின் கூட்டுக்கு ஒரு கை தூரத்தில் புதிதாக ஒன்று இருந்தது. ஏழெட்டுத் தண்டுகளை வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அமுக்கி, நடுவில் ஒரு பெரிய ஓட்டை விட்டிருந்தாள் கிமூரி. கூடை அளவுதான் இருந்தது. ஆனால் எங்களால் கட்ட முடியாத கூடு. எந்த அதிகாரி வந்து பார்த்தாலும் கொரில்லா கட்டியது என்று ஒப்புக்கொண்டே ஆகவேண்டிய கூடு.

குனிந்து பார்த்தேன். காலியாக இருந்தது. சின்ன விட்டை வழக்கம்போல் மிகானோவின் கூட்டில் கிடந்தது. கட்டியிருக்கிறாள், உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், இருட்டியதும் அவனிடமே போய்ப் படுத்துவிட்டாள்.

துகுமே என்னைப் பார்த்தான். நான் இலையைப் பறித்து அந்த விட்டையை எடுத்தேன். இலை கிழிந்தது. கையிலேயே ஏந்திக்கொண்டு வந்து புதுக் கூட்டின் நடுவில், ஓட்டைக்குப் பக்கத்தில், வைத்தேன். சூடு இன்னும் ஆறவில்லை.

“மயிர்,” என்றான் துகுமே.

மிகானோவின் கூட்டில் தேடி, குட்டியான கறுப்பு மயிர் இரண்டை எடுத்து வந்து வைத்தேன். அவன் மூன்று கோணத்தில் படம் எடுத்தான்.

“போதும். கையக் கழுவு.”

நான் முதலில் படிவத்தை எடுத்தேன். கூடு எண் ஒன்பது. விட்டை, சிறியது. உறங்கியவர், கிமூரி, தனியாக. காப்பாளர் தேவை, இல்லை. கையெழுத்துப் போடும்போது தாளின் மூலையில் என் கட்டைவிரல் பழுப்பாக, ரேகையோடு, பதிந்தது. துடைக்கவில்லை.

வியாழக்கிழமை கூண்டை வண்டியில் ஏற்றினார்கள். கிமூரி தன்னிறைவு பெற்றுவிட்டதாகவும், அது இயக்குநரகத்தின் கல்வித் திட்டத்துக்குக் கிடைத்த முதல் வெற்றி என்றும் கடிதம் வந்தது. என் படிவத்தின் நகலும் அதோடு இருந்தது. இயக்குநரகத்தின் வட்ட முத்திரையைச் சரியாக அந்தக் கட்டைவிரல் அடையாளத்தின் மேலேயே குத்தியிருந்தார்கள்.